தண்ணீர் எல்லாம் ஒன்றுதானாம்!

காய்ச்சி வடித்த நீருக்குக் காசு கேட்டால், "கிணத்துத் தண்ணியில செய்ங்களே சேர்" என்கிறார்கள். செய்து பார்த்தோம்.

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவர் கறியுப்புக் கரைசலில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டார். வெள்ளை வீழ்படிவு வந்தது. பக்கத்துச் சோதனைக் குழாயில் உப்பே போடாத வெறும் தண்ணீர். அதிலும் வெள்ளை! கடலோரக் கிணற்றில் குளோரைட்டு இல்லாமல் இருக்குமா?

"சேர், எதை எழுத?"

"மாற்றமில்லை என்று எழுதுங்க மகள்" என்றோம். கண்டதை மறைத்து எழுத நாங்களே பழக்கினோம். வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் நாங்கள் கேட்கவில்லை. வித்து முளைக்க வைக்க, முகவை கழுவ, குழாய்த் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கும் கரைசல் தயாரிக்கவும்தான் வடித்த நீர். ஏசித் தண்ணீர் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களுக்கு நன்றி. ஆனால் அதில் தூசும் உலோகமும் சேர்ந்திருக்கும். கடையில் விற்கும் பெட்டரித் தண்ணீரையும் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்த பிறகே எடுப்போம்.

பாடசாலை வாசல் வளைவுக்குப் பெயின்ட் அடிக்க வீடு வீடாக வசூல் நடக்கிறது. நாங்கள் கேட்டது வெறும் 20 லீற்றர். அடுத்த கூட்டத்தில் பார்ப்பார்களாம். வருகிறோம், அந்த இரண்டு சோதனைக் குழாய்களோடு. எதில் உப்பு என்று சபையே சொல்லட்டும்.