இரண்டரை சதவீதம் என்னும் மூடநம்பிக்கை

எலும்பு மருத்துவமனை ஒன்றின் இணையதளத்துக்காக மூட்டு வலி பற்றி எழுதிக் கொடுத்த கட்டுரை போன வாரம் திரும்பி வந்தது. தகவல் பிழை என்றோ மொழிப் பிழை என்றோ ஒரு சொல் இல்லை. “கீவேர்டு டென்சிட்டி 0.6தான் இருக்கு, 2.5 ஆக்கிக் குடுங்க” என்று ஒரே ஒரு வரி. தேடுசொல் கட்டுரையில் எத்தனை சதவீதம் வருகிறது என்ற கணக்குதான் அது. 800 சொல் கட்டுரையில் 2.5 சதவீதம் என்றால் 20 இடம். ‘மூட்டு வலி சிகிச்சை சென்னை’ என்று உருபும் வினையும் இல்லாத நான்கு சொற்களை, நாற்பது சொல்லுக்கு ஒரு தடவை அப்படியே ஒட்டவேண்டும். எங்கே ஒட்டினாலும் வாக்கியம் முறியும்.

குறிப்பு அனுப்பிய பையன்மேல் எனக்குக் கோபமில்லை. இதைப் பாடமாக நடத்தி, கட்டணமும் வாங்கிக்கொண்டு, கையில் சான்றிதழும் கொடுத்து அனுப்பிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புகள்மேல்தான் கோபம். ஒரு சொல் இத்தனை சதவீதம் வந்தால் கூகுள் மேலே தூக்கும் என்பதற்கு இவர்களிடம் என்ன ஆதாரம்? அந்த எண்ணை யார் கண்டுபிடித்தார்? ஒருவர் 2 என்கிறார், இன்னொருவர் 3 என்கிறார், மற்றொருவர் 1.5 போதும் என்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். 2003 இறுதியில் கூகுளில் ‘மிசரபிள் ஃபெயிலியர்’, அதாவது படுதோல்வி, என்று தேடியவர்களுக்கு முதலில் வந்து நின்றது அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு. வெள்ளை மாளிகையின் அதிகாரபூர்வப் பக்கம். அந்தச் சொற்றொடர் அந்தப் பக்கத்தில் கிடையாது. புஷ்ஷைப் பிடிக்காதவர்கள் தங்கள் தளங்களில் அந்தச் சொற்களை எழுதி, அங்கிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2007 ஜனவரியில் கூகுள் தன் கணக்குமுறையை மாற்றித்தான் அந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது. டென்சிட்டி பூஜ்யம், இடம் முதலாவது. இரண்டரை சதவீதம் கேட்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்த நம்பிக்கை, ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியின் காலத்து மிச்சம். 1990களின் நடுவில் தேடுபொறிகள் பக்கத்தில் இருக்கும் சொற்களையே பெரிதும் நம்பின. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி ஏமாற்றினார்கள். 1998இல் வந்த கூகுள், பிற தளங்கள் தரும் இணைப்புகளையும் எடைபோட்டு அந்த ஏமாற்றின் பலத்தைக் குறைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1972இல், கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காட்டிவிட்டார்: ஒரு சொல்லின் எடை, மொத்தத் தொகுப்பில் அது எவ்வளவு அரிது என்பதைப் பொறுத்தது. ஒரே பக்கத்தை மட்டும் எண்ணுகிற சதவீதத்துக்கு அது எப்படித் தெரியும்? தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த 1990களில் லண்டனில் உருவான பிஎம்25 சூத்திரத்தில், சொல் திரும்பத் திரும்ப வர வர அதற்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும். இருபதாவது ‘மூட்டு வலி’க்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. புஷ்ஷின் பக்கத்துக்கோ முதலாவதுகூடத் தேவைப்படவில்லை.

அடுக்கினால் லாபமில்லை என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை, அடியே விழும். 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து தூக்கியது. பழைய கார் என்ற சொல்லை அடுக்கிய பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, வந்த ஆளுக்கு வேறு பக்கத்தைக் காட்டியதற்காக. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. சொல் திணிப்பைக் கூகுள் தன் விதிகளில் பெயர் சொல்லியே கண்டிக்கிறது.

தமிழில் இந்தக் கூத்து இன்னும் கேவலம். ‘மூட்டுவலியால்’, ‘மூட்டில் வலி’, ‘மூட்டு வலிக்கிறது’ எதுவும் டென்சிட்டி கருவியின் கணக்கில் வராது. நோயாளி பேசுகிற மொழி எதுவோ அதை வெட்டிவிட்டு, யாரும் பேசாத நான்கு சொல்லை நட்டுவைக்கச் சொல்கிறார்கள். பார்வையற்றவர் ஒருவர் திரைவாசிப்பான் வழியாக இதைக் கேட்டால் என்ன பாடுபடுவார்? வலியோடு வந்து படிக்கும் பாட்டிக்கு, எந்தப் பயிற்சியைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரியவேண்டும். அதைச் சொல்லும் பத்தியைச் சுருக்கி, சென்னையை இன்னொரு தடவை எழுதச் சொல்கிறது அந்தக் குறிப்பு.

இதோடு நிற்பதுமில்லை. பக்கத்தின் நிரலில், வாசகர் கண்ணில் படாமல் எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டுப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாக அறிவித்தது. இன்றும் அந்தப் பட்டியலைத் தராவிட்டால் கட்டுரை ஏற்கப்படாது. 400 சொல்லில் முடிகிற விஷயத்தை 1500 ஆக இழுக்கச் சொல்கிறார்கள். ஒரு படம் எப்போது வரும் என்று தலைப்பு வைத்து, கடைசி வரியில் ‘அறிவிப்பு வரவில்லை’ என்று முடிக்கும் செய்திகள் இந்தப் பட்டறையில் பிறந்தவைதான். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி பேசுகிற வரை எழுதுகிறவனும் நீட்டத்தான் செய்வான்.

அந்தக் கட்டுரையை மாற்றித் தரமாட்டேன் என்று எழுதிவிட்டேன். இரண்டரை சதவீதம் வேண்டும் என்று கூகுள் எங்கே சொல்லியிருக்கிறது என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள், அன்றே மாற்றுகிறேன் என்றும் எழுதினேன். பதிலாக வந்தது, டென்சிட்டி எண்ணும் இன்னொரு கருவியின் இணைப்பு.