கோபுரத்தடியில் கணக்கை வையுங்கள்

மாண்புமிகு மத்தியத் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

செல்போன் கோபுரம் எழும் தெருக்களில் எதிர்ப்பும் எழுகிறது. புற்றுநோய் வரும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். ஆதாரம் இல்லை என்று அரசு சொல்கிறது. எத்தனை முறை சொன்னாலும் அச்சம் விலகவில்லை. ஒவ்வொரு கோபுரத்தின் கதிர்வீச்சையும் அளந்து, அந்த அளவை அந்தத் தெருவிலேயே எழுதி வைப்பதுதான் இதற்குத் தீர்வு.

இந்தக் கோரிக்கை பீதியில் பிறந்ததல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011-ல் ரேடியோ அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவற்றின் ‘2பி’ பிரிவில் சேர்த்தது உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம், போனைக் காதோடு வைத்து நெடுநேரம் பேசுவோரிடம் நடந்த ஆய்வுகளே, கோபுரங்கள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்துக்காக நடத்தப்பட்டு 2024-ல் வெளியான ஆய்வுத் தொகுப்போ செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. கோபுரத்தை அகற்றி சிக்னல் குறைந்தால், காதருகே இருக்கும் போன்தான் கூடுதல் திறனோடு அலை வீசும். ஆகவே கோபுரங்களை விரட்டச் சொல்லவில்லை.

பிறகு அளவீடு எதற்கு என்று கேட்கலாம். வரம்பு வகுப்பது ஒன்று, அது மீறப்படவில்லை என்று காட்டுவது வேறொன்று. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் கதிர்வீச்சு வரம்பைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். நல்ல முடிவுதான். ஆனால் வரம்புக்குள் இருப்பதாகச் சான்று தருவது செல்போன் நிறுவனங்களே. துறை ஒரு பகுதியைத்தான் சோதிக்கிறது. 2017-ல் வந்த ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் பொதுமக்களும் சோதனை கேட்கலாம். அதற்கு வைத்த கட்டணம் 4,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் இதைக் கட்டுமா? அவர்கள் கண்ணில் படுவது பூட்டிய கம்பிவேலியும் அதில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையும்தான். ஆபத்து என்று மட்டும் எழுதி, அளவை எழுதாமல் விட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

எண்களை வெளியிட்டால் புரியாமல் பதறுவார்கள் என்பது இன்னொரு வாதம். வீட்டு மின்கட்டணத்தை யூனிட் யூனிட்டாகச் சரிபார்க்கும் மக்கள் இவர்கள். வரம்பு இவ்வளவு, இங்கே அளந்தது இவ்வளவு என்று அருகருகே எழுதினால் நிச்சயம் புரிந்துகொள்வார்கள்.

ஆகவே கேட்கிறேன்: கோபுரம்தோறும் வரம்பு, கடைசி அளவீடு, அளந்த தேதி, அளந்தவர் ஆகியவை வட்டார மொழியில் பலகையில் இருக்கட்டும். பள்ளி, மருத்துவமனை அருகே கட்டணமின்றிச் சோதியுங்கள். அளப்பவர் நிறுவனத்திடம் கூலி பெறாதவராக இருக்கட்டும். மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமானால், முதலில் கணக்கு அவர்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்