இரும்பின் மேல் நிற்பவன்

2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு ‘இரும்பின் தொன்மை’ என்னும் ஆய்வறிக்கையை வெளியிட்டபின், தமிழாசிரியர்களாகிய எங்களுக்குப் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. சிவகளை மாதிரிகளின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை செல்கிறது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. உலைக்களமும் துருத்தியும் உவமையாக வரும் சங்கப் பாடல்களை நடத்தும்போது என் குரல் இப்போது சற்று உயர்ந்துவிடுகிறது. ஆனால் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பை உருக்கியவனைக் கொண்டாடும் நாம், அதே இரும்பின் மேல் இன்று நாற்பதடி உயரத்தில் நிற்பவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

கொல்லன் இருக்கிறான், தச்சன் இருக்கிறான், கொத்தன் இருக்கிறான். தூண்களை நிறுத்தி, உத்தரங்களை ஏற்றிப் பூட்டி, ஓர் ஆலையின் எலும்புக்கூட்டை எழுப்புகிறவனுக்கு என்ன பெயர்? கள்ளக்குறிச்சிப் பக்கம் ‘செட் போடுற வேலை’ என்பார்கள். பெரிய நிறுவனங்களில் ‘எரெக்சன்’. வெளிநாட்டுக்குப் போனால் ‘எரெக்டர்’ அல்லது ‘ரிக்கர்’. அரிசி ஆலை, மரவள்ளிக் கிழங்கு மாவு ஆலை, திருமண மண்டபம் என எங்கள் வட்டாரத்தில் எல்லாமே இரும்புக் கொட்டகைகளாகிவிட்ட காலம் இது. ஒரு கொட்டகை நான்கைந்து நாட்களில் எழுந்துவிடுகிறது. எழுப்பியவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவர் ஒருவர் விடுமுறைகளில் இந்த வேலைக்குப் போவார். அவர் சொல்லித்தான் அதன் நுட்பம் எனக்குப் புரிந்தது. கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டுகளின் மேல் தூண் இறங்கும். தூண்கள் நின்றபின் ஆளுக்கொரு தூணின் உச்சியில் இருவர் காத்திருப்பார்கள். கிரேன் உத்தரத்தைத் தூக்கிவரும். அது காற்றில் திரும்பாதிருக்க, கீழே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். உத்தரம் அருகே வந்ததும், ஒரு முனை கூராக்கப்பட்ட ஸ்பானரைத் துளைக்குள் நுழைத்து நெம்பி, துளையோடு துளையைச் சேர்த்து போல்ட்டைச் செருக வேண்டும். 20 மி.மீ. போல்ட்டுக்குத் துளை 22 மி.மீ. வேலையின் விளையாட்டெல்லாம் அந்த 2 மில்லிமீட்டருக்குள்தான். பத்து மீட்டர் நீள உத்தரம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மி.மீ. நீண்டுவிடுகிறது. காலையில் சேரும் துளை நண்பகலில் சேராது. அதனால்தான் தூணின் செங்குத்தை வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும் என்பார் அவர். இயற்பியல் ஆசிரியர் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. சுட்ட இரும்பும் மேஸ்திரியின் வசவும் சொல்லிக்கொடுத்தன.

இந்த வேலையில் மிக ஆபத்தான நேரம் உயரத்தைப் பொறுத்தது அன்று. தூண்களும் உத்தரங்களும் ஏறிவிட்டன, ஆனால் குறுக்குத் தாங்கிகள் இன்னும் பூட்டப்படவில்லை என்னும் இடைவேளைதான் அது. பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டடம் நிற்கிறது. உண்மையில் அது இன்னும் நிற்கத் தொடங்கவில்லை. இழுகயிறுகள் கட்டாமல், கிரேன் வாடகை ஏறுகிறதே என்று அவசரப்பட்டால் சீட்டுக்கட்டு போல் ஒருபக்கமாகச் சாயும். இதற்கான பாதுகாப்பு விதிகளை இந்தியத் தர நிறுவனம் 1974இலேயே ஐ.எஸ். 7205 என்ற எண்ணில் ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் எவரும் தூணின் உச்சியில் உட்கார்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு வாக்கியம் புழங்குகிறது: “மலைப் பிள்ளைகளுக்கு உயரம் பயமில்லை சார்.” பாராட்டுப் போலத்தான் ஒலிக்கிறது. இடுப்புப் பட்டையும் உயிர்க்கயிறும் வாங்கித் தராததற்கு இதைவிட மலிவான சமாதானம் கிடையாது.

இதே வாக்கியத்தை உலகம் வேறொரு மக்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. கனடாவில் மான்ட்ரியலுக்கு அருகிலுள்ள கானவாக்கே என்னும் மோஹாக் பழங்குடி ஊரின் ஆண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரும்புப் பாலங்களிலும், பின்னர் நியூயார்க்கின் வானுயர் கட்டடங்களிலும் இதே வேலையைச் செய்தவர்கள். அவர்களுக்குப் பயமே கிடையாது என்று ஒரு கதை கட்டப்பட்டது. 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்து 75 பேர் இறந்தனர். அவர்களில் 33 பேர் அந்த ஓர் ஊர்க்காரர்கள். பாலம் விழுந்தது யாருடைய கால் நடுங்கியதாலும் அல்ல. கணக்கிட்டதைவிடப் பாலத்தின் எடை கூடியிருந்தது. கீழே தாங்கி நின்ற உறுப்புகள் வளையத் தொடங்கியது தெரிந்த பின்னும் வேலை நிறுத்தப்படவில்லை. அதன்பிறகு, ஊர் ஆண்கள் எல்லோரும் ஒரே பாலத்தில் ஒன்றாக வேலைக்குப் போகக்கூடாது என்று அவ்வூர்ப் பெண்கள் வற்புறுத்தினார்கள். நான் அறிந்த பாதுகாப்பு விதிகளிலேயே மிகத் துயரமானது இதுதான்.

நம் கதைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டப் பணியிடத்தில் உருக்கு வளைவு சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அசாமின் கார்பி ஆங்லாங், ஹோஜாய் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கார்பி ஆங்லாங்கும் மலைநாடுதான். அங்கேயும் யாராவது ஓர் ஆள்பிடிப்பவர் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கக்கூடும் என்று அன்று எனக்குத் தோன்றியது. நாளிதழ்கள் இரண்டு நாள் எழுதின. ‘வடமாநிலத் தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் ஒன்பது பெயர்களும் அடங்கிப்போயின.

கல்வராயன் மலையும் நம் செய்திகளில் வேறு காரணங்களுக்காகத்தான் வருகிறது: சாராய ஊறல், செம்மரம், சாலையின்மை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் இருபது தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது வட தமிழகத்தின் மலைக்கிராமங்கள் நமக்கு நினைவுக்கு வந்தன, பிறகு மறந்தன. அந்தக் காட்டுக்குப் போவதைவிட இரும்பேறும் வேலை ஆயிரம் மடங்கு மேல். நேர்மையான கூலி, கற்ற திறமை, திரும்பிவர ஒரு வாய்ப்பு. போகவேண்டாம் என்று மாணவர்களிடம் நான் சொல்வதில்லை. கயிறு இல்லாமல் ஏறாதே என்று மட்டும் சொல்கிறேன். அதைக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள்.

இதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாவல் பாதுகாப்புக் கையேடு அல்லதான். ஆனால் ‘பஞ்சும் பசியும்’ நெசவாளரையும், ‘கரிப்பு மணிகள்’ உப்பளத் தொழிலாளரையும், ‘தோல்’ பதனிடும் தொழிலாளரையும் நமக்குத் தெரிந்தவர்களாக ஆக்கின. எங்கள் நடுநாட்டின் கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையிலிருந்தே ‘நெடுஞ்சாலை’யை எழுதினார், வட்டாரச் சொல்லகராதியும் தொகுத்தார். மோஹாக் இரும்பேறிகளைப் பற்றி ஜோசப் மிச்செல் 1949இல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. கால் நூற்றாண்டாக நம் ஊர்களின் கூரையையே மாற்றிவிட்ட ஒரு தொழிலை, நம் சிறுகதைகள் பேருந்து சன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், எழுத்தர்கள், வங்கி ஊழியர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இன்று இத்தொழிலுக்குப் போகிறவர்களில் சிலர் இளங்கலைத் தமிழ் படித்தவர்கள். எழுதத் தெரிந்தவன் ஏறிவிட்டான். அவனிடம் கேட்கத்தான் ஆளில்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு வழக்கமாகத் தரும் நாட்டார் வழக்காற்றுப் பணியில் இம்முறை தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பதிலாகத் தொழிற்சொற்களைக் கேட்டிருக்கிறேன். இதுவரை எண்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஆங்கிலமும் இந்தியும் உருமாறியவை. கிரேன்காரருக்கு மேலிருந்து காட்டும் கைச்சைகைகளை ஒரு மாணவர் படமாகவே வரைந்து கொடுத்திருக்கிறார். ‘நிறுத்து’ என்பதற்கு மட்டும் மூன்று சைகைகள் இருக்கின்றன.