தலையிடிக் குளிசையும் ‘விசர்’ப் பட்டமும்

கிழக்கு லண்டனில் இருக்கிற என் மச்சாளுக்குப் பல மாதமாகத் தலையிடி. நெற்றியைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டின மாதிரி இருக்குமாம். வேலை முடிந்து வந்தால் இன்னும் கூடும். குடும்ப வைத்தியர் இது ‘ரென்ஷன் தலையிடி’ என்று சொல்லி, இரவில் ஒன்று போடும்படி 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளில் ‘மனச்சோர்வு’ என்று மகன் வாசித்ததுதான் தாமதம், குளிசை குப்பைக்குள் போய்விட்டது. “எனக்கென்ன விசரோ?”

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கட ஆட்களிடம் அந்தப் பட்டம் ஒருக்கால் விழுந்தால் பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் வரும். ஆனால் அதே தாளில் கொஞ்சம் கீழே, பெரியவர்களுக்கு நாட்பட்ட ரென்ஷன் தலையிடி வராமல் தடுக்கவும் இந்த மருந்து என்று இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு.

போட்ட உடனே கேட்கிற மருந்தும் இல்லை இது. பலன் தெரியச் சில கிழமை எடுக்கும். அதற்கிடையில் வாய் காயும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்தத்தான் தோன்றும்.

மச்சாள் அதற்குப் பதிலாகப் போட்டது தினமும் பரசிற்றமோல். அதுவும் கேட்காவிட்டால், பக்கத்து வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலிக்குக் கொடுத்த கோ-கொடமோல். மாதத்தில் 15 நாளோ கூடவோ பரசிற்றமோல், கொடீன் கலந்தது என்றால் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்தக் குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கும். ரென்ஷன் தலையிடிக்குக் கொடீன் வகை மருந்து கொடுக்க வேண்டாம் என்பதுதான் இங்கிலாந்தில் வைத்தியர்களுக்கான வழிகாட்டல். கனகாலம் கொடீன் போட்டவர்கள் வைத்தியரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேணும்.

பிழை மச்சாளிடம் மட்டும் இல்லை. அந்தப் பத்து நிமிடச் சந்திப்பில் மொழிபெயர்த்தது 13 வயது மகன். ‘பிள்ளைக்கு இங்கிலிஷ் தெரியும்தானே’ என்று நாங்களும் விடுகிறோம், வைத்தியரும் விடுகிறார். நித்திரை இல்லாததையும் கடன் கவலையையும் ஒரு தாய் பிள்ளையின் வாயால் சொல்விப்பாளா? என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளருக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. நேரம் பதியும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்” என்று கேட்கலாம். எங்களில் எத்தனை பேர் கேட்கிறோம்?

மச்சாள் திரும்ப நேரம் எடுத்திருக்கிறார். வாற செவ்வாய் காலை. மகனுக்கு அன்று பள்ளிக்கூடம்.