ஜெலட்டின் வாங்கப் போகும் முன்



பெருநாள் நெருங்கும்போது வீடுகளில் சமையல் குறிப்புகள் கைமாறத் தொடங்கிவிடும். வட்டிலப்பமும் தொதலும் நம் உம்மாமார் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவை. பிள்ளைகள் கேட்பதோ வேறு. பழ மூஸ் வேண்டும், சீஸ் கேக் வேண்டும், அடுப்பில் வைக்காத புடிங் வேண்டும். குறிப்பை எழுதி எடுத்துப் பார்த்தால் பால், சீனி, வனிலா எல்லாம் தெரிந்த சாமான்கள்தாம். நடுவில் ஒரு வரி மட்டும் நம்மை நிறுத்தி வைக்கிறது: ஜெலட்டின், ஒரு மேசைக்கரண்டி. இது என்ன பொருள்? கடையில் எங்கே கிடைக்கும்? வாங்கலாமா, கூடாதா? முதலிரண்டு கேள்விகளைக் கடைக்காரரிடமும் மூன்றாவதை மௌலவியிடமும் கேட்பது நம் வழக்கம். ஆனால் முதற் கேள்விக்குப் பதில் தெரியாத மௌலவி மூன்றாவதற்கு எப்படிப் பதில் சொல்வார்? ஆகவே பொருளிலிருந்தே தொடங்குவோம்.

ஆட்டுக்கால் சூப் காய்ச்சி இரவு மூடி வைத்தால் காலையில் சட்டியில் கட்டியாக உறைந்து நிற்கிறதல்லவா? அதை உறைய வைப்பதுதான் ஜெலட்டின். தொழிற்சாலைகளில் மிருகங்களின் தோலையும் எலும்பையும் அமிலத்திலோ சுண்ணாம்பு நீரிலோ ஊறவைத்து, வெந்நீரில் காய்ச்சி இந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். பின்னர் மணமும் நிறமும் நீக்கி உலர்த்தித் தூளாகவோ மெல்லிய தாள்களாகவோ விற்பனைக்கு விடுகிறார்கள். ஐரோப்பாவில் இதற்குப் பெருமளவு பன்றித் தோல் பயன்படுகிறது. மாட்டுத் தோல், மாட்டெலும்பு, மீன் தோல் ஆகியவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். தூளாக்கிய பின் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ எது எதுவென்று நாம் சொல்ல முடியாது. பக்கட்டில் எழுதியிருப்பதுதான் நமக்குள்ள சாட்சி.

கடைக்குப் போனால் பேக்கிங் பவுடர், ஐசிங் சீனி, கஸ்டர்ட் தூள் இருக்கும் தட்டில்தான் அதுவும் இருக்கும். சில கடைகளில் பெரிய பையிலிருந்து பிரித்துச் சிறு பொலித்தீன் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு துண்டுக் கடதாசியில் பொருளின் பெயர் மட்டும் இருக்கும். யார் செய்தது, எங்கே செய்தது, எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வார்த்தையும் இராது. இதை வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். முதலாளி நம்மவர், ஐவேளையும் பள்ளிக்கு வருபவர் என்பது இங்கே போதாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். "நானா, பிரிக்காத பையை ஒருக்கா காட்டுங்கோ" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"மாட்டு ஜெலட்டின்" என்ற சொல்லைக் கண்டதும் பலர் நிம்மதியடைந்து விடுகிறார்கள். பன்றியில்லை என்பது அதனால் தெரிந்தது. அந்த மாடு எப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியவில்லையே! மார்க்க முறைப்படி அறுக்கப்படாத மாடு செத்ததன் சட்டத்திலேயே வரும். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அதன் எலும்பும் நஜீஸ்தான். ஆகவே மாட்டிலிருந்து எடுத்ததாயின் நம்பகமான ஹலால் சான்று அதற்கு வேண்டும். மீனிலிருந்து எடுத்ததென்றால் அறுக்கும் பிரச்சினையே எழாது.

இங்கே ஒரு மஸ்அலாவையும் சொல்லியாக வேண்டும். ஒரு நஜீஸ் முற்றாக வேறு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா? இதற்கு இஸ்திஹாலா என்று பெயர். மது தானாகவே காடியாக மாறினால் சுத்தமாகிவிடும் என்பதில் நம் இமாம்களிடையே தகராறு இல்லை. ஹனபி மத்ஹப் இந்த வாசலை விரிவாகத் திறக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் அது மிக ஒடுக்கமானது. ஜெலட்டின் விடயத்தில் 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ பிக்ஹ் கருத்தரங்கு, மூலப்பொருள் மாறிவிடுவதால் அது சுத்தமானது, உண்ணலாம் என்ற முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் சேர்க்கக் கூடாது, தாவரங்களிலிருந்தும் முறைப்படி அறுத்த பிராணிகளிலிருந்தும் கிடைப்பதே போதும் என்று தீர்மானித்திருந்தது. என் உள்ளம் இரண்டாவதையே ஏற்கிறது. மருந்து விடயத்தில் நிர்ப்பந்தம் வரலாம். ஒரு கோப்பை புடிங்கில் என்ன நிர்ப்பந்தம்?

எண்களைப் பற்றியும் ஒரு சொல். பக்கட்டின் பின்புறத்தில் 441 என்றோ சிலவேளை 428 என்றோ இருந்தால் அது ஜெலட்டின். 406, 407, 440 ஆகியவை கடற்பாசியிலிருந்தும் பழத்தோலிலிருந்தும் வருபவை; பயமில்லை. 471 தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், மிருகக் கொழுப்பாகவும் இருக்கலாம், விசாரிக்க வேண்டியது. ஆனால் "ஈ" என்று தொடங்கும் எண்களெல்லாம் பன்றிதான் என்று ஒரு காலத்தில் நோட்டீசாகவும் இப்போது கைபேசியிலும் சுற்றுகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. 100 என்பது நம் குசினியிலுள்ள மஞ்சளின் நிறம். 300 என்பது விற்றமின் சி. இந்தியப் பக்கட்டுகளில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் மிருகப் பொருள் சேரவில்லை என்று அர்த்தம். மதுசாரத்தைப் பற்றி அந்த வட்டம் எதுவும் சொல்வதில்லை.

இலச்சினை இல்லாத பொருளெல்லாம் ஹராம் என்று நினைப்பதும் தவறு. நம் நாட்டில் 2013இல் ஹலால் இலச்சினையை வைத்து எழுந்த சர்ச்சையை மறந்திருக்க மாட்டீர்கள். ஜம்இய்யத்துல் உலமா செய்து வந்த சான்றளிக்கும் பணி அதன் பின்னர் தனியான ஒரு சபையிடம் போயிற்று. அரிசிக்கும் பருப்புக்கும் இலச்சினை தேடத் தேவையில்லை. தேட வேண்டியது ஜெலட்டின் போன்ற, மூலம் மறைந்துபோன பொருள்களுக்குத்தான்.

இவ்வளவு கேள்வியும் கேட்க வேண்டிய இடம் கடை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் நம்மில் சிலர் கடையில் வாய்மூடி நின்றுவிட்டு, விருந்துக்குப் போன வீட்டில் விசாரணை நடத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெருநாளன்று மூத்தவர் செய்து வைத்த புடிங்கைப் பார்த்து, மாமியார் வீட்டாரும் இருந்த சபையில் இளையவர் கேட்டார்: "ராத்தா, இதுல என்ன ஜெலட்டின் போட்டீங்க? தெரியாம நாங்க சாப்பிட மாட்டோம்." மூத்தவர் ஒன்றும் பேசாமல் தட்டை உள்ளே எடுத்துச் சென்றார். அவர் மூன்று கடை ஏறி இறங்கி, மீன் ஜெலட்டின் என்று எழுதியதைத் தேடி வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் வெளிவந்தது. அதற்குள் இரண்டு பெருநாள்கள் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்காமலே கழிந்துவிட்டன.

இஸ்லாத்துக்குப் புதிதாக வந்த சிலர் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைக் கூறினார்களா என்பது தெரியவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. நீங்கள் பிஸ்மில் சொல்லிச் சாப்பிடுங்கள் என்று அவர்கள் வழிகாட்டியதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. பயணமொன்றில் ஒரு நீர்த்தடாகத்துக்கு வந்தபோது, இங்கே விலங்குகள் வந்து நீர் குடிப்பதுண்டா என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அதன் சொந்தக்காரரிடம் கேட்டார்கள். அதைச் சொல்ல வேண்டாம் என்று உமர் (ரழி) அந்த மனிதரைத் தடுத்துவிட்டார்கள். இது இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது. பேணுதலில் உமர் (ரழி) அவர்களை விஞ்சியவர்களா நாம்? சந்தேகமானதை விட்டு விலகுவது என் கையில் பணம் இருக்கும்போது, நான் வாங்கும்போது. ஒரு முஸ்லிம் சகோதரி தன் கையால் செய்து முன்னால் வைத்ததை, தெளிவான அடையாளம் எதுவும் இல்லாமல் சந்தேகிப்பது வஸ்வாஸ். உண்மையாகவே மனம் உறுத்தினால் தட்டிலுள்ள வேறொன்றை எடுத்துச் சாப்பிடலாம். இல்லையேல் பெருநாளுக்கு முதல்நாள் தனியாகப் பேசி, "ராத்தா, நல்ல ஜெலட்டின் எங்க கிடைக்குது?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

சரி, நம்பகமான பக்கட் ஊரில் எங்குமே கிடைக்கவில்லை. என்ன செய்வது? நோன்பு திறக்கும்போது மேசையில் இருக்கும் கடற்பாசியை எடுங்கள். பலசரக்குக் கடையில் "சைனா கிராஸ்" என்றால்தான் சிலருக்கு விளங்கும்; சீனத்துப் புல் அல்ல, கடலில் விளையும் செம்பாசிதான். புத்தளக் களப்பில் விளைந்த பாசி ஒரு காலத்தில் "சிலோன் மோஸ்" என்ற பெயரில் வெளிநாடுகளிலும் அறியப்பட்டிருந்தது.

ஆனால் ஜெலட்டின் போடும் அதே அளவில், அதே முறையில் போட்டால் புடிங் கல்லாகிவிடும். ஒரு லீற்றர் பாலுக்கோ நீருக்கோ 10 கிராம் அளவு போதும். ஜெலட்டினைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிடாமல் கரைப்பார்கள். கடற்பாசியையோ நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு இழைகூடத் தெரியாமல் கரைய வைக்க வேண்டும். தேசிக்காய்ச் சாறு சேர்ப்பதாயின் அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேருங்கள்; புளிப்போடு கொதித்தால் இறுகாது. பச்சை அன்னாசி, பப்பாசி ஜெலட்டினை உறையவிடாது, கடற்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை. மூஸ் செய்வதாயின் கிறீமை அது சூடாக இருக்கும்போதே விரைவாகக் கலந்துவிட வேண்டும், ஏனென்றால் குளிர்ப்பெட்டியில் வைக்கும் முன்னரே இறுகத் தொடங்கிவிடும். வாயில் வைத்ததும் உருகும் தன்மை இதற்கு வராது. கத்தியால் வெட்டித்தான் பரிமாற வேண்டும். பிள்ளைகள் முதல் தடவை முகம் சுளிக்கக்கூடும். ஒரு மாம்பழத்தைப் பிசைந்து கலந்து கொடுத்துப் பாருங்கள்.