மணியின் வாய் ஏன் நாறுகிறது?

சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் மணி வாலைக் குழைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆசையோடு அவர் முகத்தருகே எம்பி மூச்சு விடுகிறது. அவ்வளவுதான்! "சீ, போ அந்தண்டை! என்ன நாற்றம்!" என்று விரட்டுகிறார். குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "நாய் வாய் நாறாமல் சந்தனமாகவா மணக்கும்?" என்று ஒரு போடு போடுகிறார். மறுநாள் முதல் மணிக்குக் கொல்லைப்புறத்தில்தான் வாசம்.

எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதை இது. சகோதரிகளே, பாட்டி சொன்னது பாதிதான் சரி. நாயின் வாய்க்கென்று இலேசாக ஒரு வாடை உண்டு; அது எப்போதும் இருப்பதுதான். ஆனால் கிட்டே வந்தாலே குடலைப் பிடுங்குகிறது என்றால் அது இயற்கை அல்ல. உள்ளே எங்கேயோ ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். "பல் வலிக்கிறது அம்மா" என்று சொல்ல அதற்குப் பேச்சு இல்லை. அந்த நாற்றம்தான் அதன் பேச்சு. ஆகவே கொல்லைப்புறத்துக்கு அனுப்பும் முன்னால் காரணத்தைத் தேடுங்கள். தேடுகிற வேலையில் பாதியை நீங்களே வீட்டில் செய்துவிடலாம்.

முதலில் விசாரணை

நாற்றம் நேற்று வந்ததா, மாதக்கணக்காக இருக்கிறதா? நேற்று வந்ததென்றால் மணி குப்பைத் தொட்டியைக் கிளறியிருக்கலாம். கருவாட்டுத் தலையைத் தின்றிருக்கலாம். சில நாய்களுக்கு மலத்தைத் தின்னும் பழக்கமும் உண்டு. இவையெல்லாம் ஓரிரு நாளில் போய்விடும்.

அடுத்து, நாற்றம் வாயிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் சிறு பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் நாய் தரையில் பின்பக்கத்தைத் தேய்க்கும், ஓயாமல் நக்கும். நக்கிய வாயில் அழுகிய மீன் வாடை வீசும். காது நீண்டு தொங்கும் ஸ்பானியல் போன்ற ஜாதிகளுக்குக் கீழுதட்டில் ஒரு மடிப்பு இருக்கும். அதில் எச்சிலும் சோறும் தங்கிப் புண்ணாகும். அந்த மடிப்பை விலக்கி முகர்ந்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

மணி இன்னும் குட்டிதான் என்றால் கவலை குறைவு. நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கிற காலம். ஈறு கசிந்து கொஞ்சம் வாடை வரும், தானே போகும். ஆனால் பொமரேனியன் போன்ற சின்ன ஜாதிகளில் பால் பல் விழாமலே பக்கத்தில் புதுப் பல் முளைத்துவிடுவதுண்டு. இரண்டுக்கும் நடுவில் சாப்பாடு சிக்கி அழுகும். அந்தப் பால் பல்லை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

பெரும்பாலும் குற்றவாளி அகப்படும் இடம் இதுதான். நல்ல வெளிச்சத்தில் மணியை உட்கார வைத்து, வாயைத் திறக்காமலே மேலுதட்டை மட்டும் மெள்ளத் தூக்கி, பின்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் வரை பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். முன்பற்கள் முத்துப்போல் இருக்கும். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே கடைவாயில் பழுப்பும் மஞ்சளுமாகக் காரை பூசினாற்போல் படிந்திருக்கிறதா? பல்லை ஒட்டிய ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் இரத்தச் சிவப்பாக வீங்கியிருக்கிறதா? நாற்றத்தின் பிறப்பிடம் அங்கேதான்.

சாப்பிட்ட பின் பல்லில் மெல்லிய ஊத்தை படிகிறது. துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் அது காரையாகக் கெட்டிப்படத் தொடங்குகிறது. அப்புறம் எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கிருமிகள் குடியேறி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே அரிக்கின்றன. அந்தக் கிருமிகள் வெளிவிடும் கந்தக வாயுக்களைத்தான் நாம் நாற்றம் என்கிறோம். நமக்கு வருவதுபோல் சொத்தைப் பல் நாய்க்கு அதிகம் வருவதில்லை. அதன் பலவீனம் ஈறுதான். மூன்று வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கோளாறு கொஞ்சமாவது இருக்கும். சின்ன ஜாதி நாய்களுக்கு வாய் சிறியது, பற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அதனால் அவற்றுக்குத் தொல்லை அதிகம். முற்றவிட்டால் தாடை எலும்பு மெலிந்து, சின்ன நாய்க்குத் தாடையே முறிந்துபோவதும் உண்டு.

"நன்றாகத்தானே சாப்பிடுகிறது?" என்பீர்கள். அதுதான் இதில் உள்ள மோசம். வலியோடு சாப்பிடுவது நாயின் சுபாவம். சாதத்தை மெல்லாமல் அப்படியே விழுங்கிவிடும். கூர்ந்து கவனித்தால் மட்டுமே தெரியும்: பிஸ்கோத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறதா? ஒரே பக்கமாக மெல்லுகிறதா? முகத்தைத் தொட்டால் உறுமுகிறதா? வயதானதால் சிடுசிடுப்பு வந்துவிட்டது என்று நாம் நினைத்திருப்போம். பாவம், பல்வலியாக இருக்கும்!

உதட்டைத் தூக்கும்போதே இன்னும் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, மேல் அண்ணத்தில் பற்களுக்குக் குறுக்கே எலும்புத் துண்டோ குச்சியோ மாட்டியிருக்கலாம். அப்படியானால் மணி முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் வடியும். இரண்டு, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வீக்கம். மேல் கடைவாயில் உள்ள பெரிய பல் பிளந்து, வேரில் சீழ் கட்டினால் வீக்கம் அந்த இடத்தில்தான் வரும். "எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும்" என்று கசாப்புக் கடையில் கெட்டி எலும்பாகப் பார்த்து வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பல்லைப் பிளப்பதில் கெட்டி எலும்புக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று, வயதான நாயின் ஈறிலோ நாக்கடியிலோ கட்டி, ஒரு பக்கமாக இரத்தக் கசிவு. இதைக் கண்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புற்றாக இருந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. திடீரென்று எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, குரல் மாறி, விழுங்க முடியாமல் நாய் தவித்தால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயும் இதே வேஷத்தில்தான் வரும். தடுப்பூசி ஒழுங்காகப் போடாத நாய் என்றால் இன்னும் ஆபத்து. நாயைத் தனியே அடைத்துவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். அதன் எச்சில் உங்கள் கைக் கீறலில் பட்டிருந்தால், ஸோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வாய் சுத்தம், நாற்றம் மட்டும் உண்டா?

பல்லும் ஈறும் நன்றாக இருந்தும் நாற்றம் இருந்தால், அது என்ன மாதிரி நாற்றம் என்று கவனியுங்கள். மூத்திர வாடை, அதாவது அம்மோனியா நெடி அடித்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். கழிவை வெளியேற்ற அதற்குச் சக்தி குறைந்து, இரத்தத்தில் தங்கிய விஷம் மூச்சில் வீசுகிறது. கூடவே வாந்தி, இளைப்பு, வாயில் புண் எல்லாம் வரும். முதுமையில் இது வரலாம். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புரளும் நாய்க்கு எலிக் காய்ச்சல் வந்தும் சிறுநீரகம் கெடலாம். இந்தக் காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றக் கூடியது. நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு.

பழம் அழுகினாற்போல் தித்திப்பு வாடையோ, நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் நெடியோ வந்தால் நீரிழிவு முற்றியிருக்கலாம். நாய்க்கும் சர்க்கரை வியாதியா என்று ஆச்சரியப்படாதீர்கள்! நடுவயது தாண்டியவற்றுக்கு, முக்கியமாகக் கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, வருகிறது. இந்த நெடியோடு சோர்ந்து படுத்துவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இந்த இரண்டு வியாதிக்கும் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. காலையில் கிண்ணத்தில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். வேறெங்கும் குடிக்காமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது பத்துக் கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், அது சரியல்ல. இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். அளந்த கணக்கைச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் சந்தோஷப்படுவார்.

என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது?

காரை படிந்துவிட்டால் அதைச் சுரண்டுவது நம் வேலை அல்ல. மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். ஆடுகிற பல்லை எடுக்க வேண்டும். மயக்கம் கொடுக்காமல் மேலாகச் சுரண்டி வெள்ளையாக்கிக் காட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வியாதி இருக்கிறது. மயக்க மருந்துக்குப் பயப்படுகிறவர்கள் முன்கூட்டி இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்களிலும் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

சுத்தமான வாயைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. முதல் வாரம் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் அரை நிமிஷம் துடையுங்கள். மணி பழகியதும் குழந்தைகளுக்கான மெத்துப் பிரஷ்ஷை எடுக்கலாம். தினமும் செய்தால்தான் பலன். நாய்களுக்கென்றே விற்கும் பற்பசையைத்தான் போட வேண்டும். நம் பற்பசை கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளிலும் சர்க்கரையில்லாத மிட்டாய்களிலும் சேர்க்கும் ஸைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்குக் கொடிய விஷம். உப்பு, கரி, பல்பொடி, கிராம்புத் தைலம் எதுவும் வேண்டாம். நாற்றத்தை மறைக்க வாசனைத் திரவியம் தெளிப்பதோ, அடுப்பு புகைகிறது என்று சாம்பிராணி போடுவதைப் போன்றது!

தயிர் சாதம் போடுவதால்தான் நாறுகிறது என்று வருந்துகிற மரக்கறி வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மாமிசம் தின்கிற நாய்க்கும் காரை படியத்தான் செய்கிறது. எது தின்றாலும் துடைக்காத பல் நாறும்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மணியைக் குளிப்பாட்டித் துவட்டிய கையோடு உதட்டைத் தூக்கி இரண்டு பக்கமும் ஒரு பார்வை. இரண்டு நிமிஷ வேலைதான். குழந்தைகளையும் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டுங்கள். அன்று இரவு அவர்களே ஒழுங்காகப் பல் தேய்த்துவிட்டுப் படுப்பார்கள்.