காவலரின் தொற்றைக் கணக்கிட்டவர் யார்?

2020 ஜூலை 6 காலை 6 மணிக்குத் திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லை முழுவதிலும் மும்மடங்கு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தமிழ் வணிகர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஆரியசாலையும், அதையொட்டிய சாலைக் கடைத்தெருவும் ஓசையடங்கின. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான அந்தச் சந்தைக்கு நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் காய்கறியும் பலசரக்கும் ஏற்றிவரும் லாரிகளின் வரத்து ஒடுங்கியது. தெருமுனைகளில் எஞ்சி நின்றவர்கள் காவலர்கள். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூந்துறைக் கடற்கரையில் நோய் வேகமாகப் பரவியது. ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதென முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். அங்கும் தடுப்புக் கயிற்றின் அருகே நின்றது காக்கிச் சட்டைதான்.

அந்தச் சட்டைக்குள் இருந்த உடலுக்கு எத்தகைய ஆபத்து நேர்ந்தது என்பதை எவ்வாறு அளந்தார்கள்? ஒரு காவல் நிலையத்தில் மூவருக்குத் தொற்று, ஆயுதப்படை முகாமில் பத்துப் பேருக்குத் தொற்று என்று நாளேடுகள் எழுதின. செய்திகள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையோடு நின்றுவிட்டன. முப்பது பேர் பணிபுரியும் நிலையத்தில் மூவர் என்பதும், முந்நூறு பேர் தங்கியுள்ள முகாமில் பத்துப் பேர் என்பதும் வெவ்வேறு செய்திகள். முன்னது நூற்றுக்குப் பத்து. பின்னது நூற்றுக்கு மூன்றைச் சற்றே தாண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முகாமைக் கண்டு அஞ்சுவார், நிலையத்தை மறந்துவிடுவார். எத்தனை பேரில் எத்தனை பேர், எத்தனை நாளில், எத்தகைய பணியில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது விகிதமாகும். விகிதம் தெரிந்தால்தான் பணியிடத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முடியும்.

‘போலீசுக்காகவா நாம் பரிந்து பேசுவது?’ என்று தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. அதே 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறிச் சாத்தான்குளத்தில் ஜெயராஜைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். அவரும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரோடு திரும்பவில்லை. அதை எந்தத் தொற்றுக் கணக்கும் ஈடுசெய்யாது. ஆயினும் ஆட்சி எந்திரத்தின் கருவியாக நிறுத்தப்படும் காவலரும் கூலிக்கு உழைப்பவரே. 1966ஆம் ஆண்டின் காவல்படைகள் (உரிமைகள் கட்டுப்பாட்டு) சட்டம் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது. கேரளத்தில் அங்கீகாரம் பெற்ற காவலர் சங்கம் உண்டு. தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. தன் பணியிட ஆபத்தைப் பற்றித் தானே பேச வாயில்லாத தொழிலாளிக்கு வேறொருவர் எழுதிவைக்கும் கணக்கே வாய். மூலதனம் நூலுக்காக மார்க்ஸ் தேடிச் சென்ற சான்றுகளில் பெரும்பகுதி, முதலாளித்துவ அரசே நியமித்த தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளிலும் பொதுச் சுகாதார அறிக்கைகளிலும் இருந்தது. ஆளும் வர்க்கத்தின் அரசு எழுதிய எண்களே அதற்கு எதிரான சாட்சியாயின. எண்களே எழுதப்படாத இடத்தில் அந்தச் சாட்சியும் இல்லை.

ஒன்றிய அரசு எழுதாமல் இருப்பதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தது. பொதுமுடக்கத்தில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றிய விவரம் இல்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். உயிரிழந்த மருத்துவப் பணியாளர் பற்றிக் கேட்டபோது, சுகாதாரம் மாநிலப் பொருள், மைய அளவில் விவரம் பேணப்படவில்லை என்றார்கள். கொதித்தெழுந்த இந்திய மருத்துவச் சங்கம், இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. மருத்துவருக்கு அப்படியொரு சங்கம் இருந்தது. 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 50 லட்சம் ரூபாய்க் காப்பீடும் சுகாதாரப் பணியாளருக்கானது. தெருவில் நின்ற காவலர் அதில் சேர்க்கப்படவில்லை. அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தந்த மாநில அரசின் மனத்தையும் கருவூலத்தையும் பொறுத்ததாயிற்று.

கணக்கு இல்லாத இடத்தில் பாதுகாப்பு விதிகள் சாவுக்குப் பின்னால்தான் வருகின்றன. 2020 ஏப்ரல் இறுதியில் மும்பையில் ஐம்பது வயதைக் கடந்த மூன்று காவலர்கள் அடுத்தடுத்து இறந்த பிறகே, 55 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டில் இருக்கலாம் என்று அந்நகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். கேரளக் காவல்துறையின் முதல் கொரோனா மரணம் ஜூலை முடிவில் நேர்ந்தது. ஐம்பதைக் கடந்தோரைக் களப்பணிக்கு அனுப்ப வேண்டாம் என்ற அறிவுறுத்தல் அதன் பின்னரே வந்தது. மும்பையின் பாடம் மூன்று மாதங்களுக்கு முன்பே கண்முன் இருந்தது. வயதுவாரியாகத் தொற்று விகிதத்தை வாரந்தோறும் பார்த்திருந்தால் ஒரு மரணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திராது.

இங்கே இடதுசாரி அரசையும் ஒளிவுமறைவின்றி விமர்சிக்க வேண்டியுள்ளது. 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில், தொற்றாளரோடு தொடர்புடையோரைக் கண்டறியும் வேலையும் கட்டுப்பாட்டுப் பகுதிகளின் பொறுப்பும் கேரளக் காவல்துறையிடம் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டன. மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் இதை எதிர்த்தனர். நோயாளிகளின் தொலைபேசி விவரங்களைக் காவல்துறை திரட்டியது உயர்நீதிமன்றம் வரை சென்றது. அந்த விவாதம் முழுவதும் குடிமக்களின் அந்தரங்க உரிமையைச் சுற்றியே நடந்தது. அது நியாயமான விவாதம். ஆனால் வீடு வீடாக அனுப்பப்பட்ட காவலரின் தொற்று அபாயம் அந்தப் புதிய பணியால் எவ்வளவு கூடியது என்று எவரும் கேட்கவில்லை. சுகாதார ஊழியரின் வேலையைக் கொடுக்கும் அரசு, சுகாதார ஊழியருக்குரிய பாதுகாப்பு உடையையும் தொடர் பரிசோதனையையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அளப்பதில் நுணுக்கங்கள் உண்டு. அறிகுறி தெரிந்தவரை மட்டும் பரிசோதித்தால் அறிகுறியற்றவர் கணக்கில் வரமாட்டார். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆய்வு அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். ஆனால் அதற்குக் காலம் முக்கியம். 2021 பிப்ரவரியில் முன்களப் பணியாளருக்குத் தடுப்பூசி தொடங்கியதும், காணப்படும் எதிர்ப்பாற்றல் நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்ற சிக்கல் எழுந்தது. கோவிஷீல்டு வைரஸின் முள்புரதத்துக்கு மட்டுமே எதிர்ப்பை உண்டாக்கும் என்பதால் வேறு புரதத்தைத் தேடி ஓரளவு பிரித்தறியலாம். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சின் போட்டவரிடம் அதுவும் கடினம். முதல் அலையில் காவலருக்கு எவ்வளவு தொற்றியது என்பதைத் துல்லியமாக அறியும் கதவு தடுப்பூசிக்கு முன்புதான் திறந்திருந்தது.

சுகாதாரப் பணியாளருக்கு அந்தக் கதவு பயன்படுத்தப்பட்டது. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வில் வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினரிடமும், சுகாதாரப் பணியாளரில் 25.7 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்புப் புரதம் இருந்தது. 2021 தொடக்கத்தில் கேரளம் நடத்திய ஆய்வில் பொதுமக்களிடம் 10.76, சுகாதாரப் பணியாளரிடம் 10.5. நாட்டில் மருத்துவமனை ஊழியர் பொதுமக்களைவிடக் கூடுதலாகத் தொற்றுக்கு ஆளாயினர், கேரளத்தில் அவ்வாறு ஆகவில்லை என்பது பெருமைக்குரிய செய்தி. தனிப் பிரிவாக அளந்ததால்தான் அதைச் சொல்லவே முடிகிறது. நாடு தழுவிய ஆய்வில் காவலர் தனிப் பிரிவாக இல்லை. 2021 இலையுதிர் காலத்தில் கேரளம் நடத்திய அடுத்த ஆய்வு குழந்தைகள், கர்ப்பிணிகள், பழங்குடியினர், கடலோர மக்கள், நகரக் குடிசைப் பகுதியினர் என்று பிரித்துப் பார்த்தது. பூந்துறையின் மீனவரை அளந்தார்கள், நன்று. அவருக்கு எதிரே நின்ற காவலர் அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்கு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. மாநிலக் காவல்துறையின் 1,17,524 பேர் பற்றிய பதிவேட்டைக் கொண்டு சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கணக்குப் போட்டனர். மே மாத நடுப்பகுதிக்குள் 67,673 பேர் இரு தவணையும், 32,792 பேர் ஒரு தவணையும் பெற்றிருந்தனர். 17,059 பேர் ஊசியே போடவில்லை. ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கொரோனாவால் இறந்த காவலர் 31 பேர். அவர்களில் ஊசி போடாதோர் 20, ஒரு தவணை பெற்றோர் 7, இரண்டும் பெற்றோர் 4. ஆயிரம் பேருக்கு என்று பார்த்தால் 1.17, 0.21, 0.06. இரு தவணை தடுப்பூசி 95 விழுக்காடு சாவைத் தடுத்தது என்ற முடிவை அந்த ஜூலையில் நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே.பால் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். ஊசிக்கு அஞ்சிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு அந்தத் துணிவைத் தந்தது, இறந்த 31 தமிழ்க் காவலரின் கணக்கு.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது சாவை, தொற்றை அன்று. சாவுக்குச் சான்றிதழ் உண்டு, நிவாரணக் கோப்பு உண்டு. ஆகவே அது பதிவாகிறது. தொற்றி, தேறி, மூச்சிரைப்போடு பணிக்குத் திரும்பியவருக்குக் கோப்பில்லை. பணியில் தொற்றியதா வீட்டில் தொற்றியதா என்று மேலதிகாரி கேட்டால் அவரிடம் காட்ட ஏதுமில்லை.

கேரளத்துக்கு இது பழங்கதை அன்று. 2018இல் கோழிக்கோட்டில் தோன்றிய நிபா 2023இல் அங்கேயே திரும்பியது. வார்டுகள் அடைக்கப்பட்டன, காவலர் மீண்டும் கயிற்றருகே நிறுத்தப்பட்டனர். அத்தகைய நாளொன்று ஆரியசாலைக்கும் வரலாம். அன்று கோட்டைக் காவல் நிலையத்தின் பணிப்பட்டியலோடு, யார் எந்த முனையில் எத்தனை மணி நேரம் நின்றார், வயதென்ன, எப்போது பரிசோதிக்கப்பட்டார் என்ற பதிவேடும் முதல் நாளே தொடங்க வேண்டும். ஊர்க்காவல் படையினரும், அதே தெருவைக் கூட்டும் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளரும், லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமைதூக்கும் தொழிலாளரும் அதே பதிவேட்டின் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெற வேண்டும். வாரந்தோறும் அதன் விகிதங்கள் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். இக்கோரிக்கையைக் காவலர் சங்கமும் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கமும் தத்தம் மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.